வேலையில் பின்தங்குகிறீர்களா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

வேலை சரியாக நடக்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற யோசனை, "இன்னும் கொஞ்சம் கூடுதலா உழைச்சுப் பாரு" என்பதுதான். மிக்ஸி ஓடவில்லை என்றால் ப்ளக்கைப் பார்ப்போம், ஜாரைக் கழற்றி மாட்டுவோம், அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அழுத்துவோம். குமிழை இன்னும் பலமாகத் திருகினால் ஓடும் என்று யாரும் நினைப்பதில்லை. தன் வேலை என்று வரும்போது மட்டும் எல்லோரும் குமிழைத்தான் திருகுகிறோம்: இரவில் ஒரு மணி நேரம் கூடுதல், சனிக்கிழமை அரை நாள், அப்புறம் ஒரு புது டைரி.

நான் பார்த்த வரையில், பின்தங்குகிறவர்களில் சோம்பேறிகள் குறைவு. கோளாறு பெரும்பாலும் கையில் எடுத்துக்கொண்ட அளவில் இருக்கும், அல்லது அளக்கிற எண்ணில், அல்லது வைத்துக்கொண்ட இலக்கில். உழைப்பைக் கூட்டினால் இதில் எதுவும் சரியாகாது. சில மாதங்களுக்குக் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

கணக்கு அலுவலகம், சாஃப்ட்வேர் சப்போர்ட், கால் சென்டர் மாதிரி மேசை வேலைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் படியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதல் படி: ஒரு வாரக் குறிப்பு

எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து வேலை நாட்களுக்குக் குறிப்பெடுங்கள். ஆப் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு போதும். என்ன வேலை, யார் கொடுத்தது, எப்போது கைக்கு வந்தது, எப்போது கையை விட்டுப் போனது. நடுவில் நின்றிருந்தால் எதனால் நின்றது என்று ஒரே சொல்: அப்ரூவல், பில் வரல, மீட்டிங், போன். வேலை நடக்கும்போதே எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து யோசித்து எழுதினால், நினைவு நமக்குச் சாதகமாகத்தான் எழுதும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். தூக்கம், காலை அட்டவணை, போன் பழக்கம் மூன்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றினால், பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் மூன்றையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவோம்.

அறிகுறி 1: நாள் முழுக்க ஓடினேன், மாலையில் பார்த்தால் எதுவும் முடியவில்லை

தொடங்கிவிட்டு முடிக்காமல் வைத்திருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதி எழுதிய மெயில், "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று வாங்கி வைத்த எக்செல், திறந்தபடி கிடக்கும் டிக்கெட் எல்லாம் கணக்கில் வரும். ஐந்துக்குள் இருந்தால் இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குப் போங்கள். பத்தைத் தாண்டினால் கோளாறு இங்கேதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. கையிலிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்தில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் உங்களிடம் கிடக்கிறது என்று வந்துவிடும். கையில் 12 இருக்கிறது, வாரத்துக்கு 3 முடிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றும் 4 வாரம் கிடக்கும். அதே வேகத்தில், கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டால் 2 வாரம். கொஞ்சம்கூட வேகமாக வேலை செய்யாமலேயே, கொடுத்தவருக்குப் பாதி நாளில் போய்ச் சேர்கிறது.

இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினால் எல்லோரும் திருப்தியாக இருப்பார்கள் என்பது இயல்பான எண்ணம். நடப்பது வேறு. எல்லோரும் காத்திருக்கிறார்கள், எல்லோரும் போன் செய்து "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள், அந்தப் போன்களுக்குப் பதில் சொல்வதே பதின்மூன்றாவது வேலையாகிவிடுகிறது.

சரிசெய்ய, மூன்றை மட்டும் ஓடுகிற வேலை என்று வையுங்கள். மற்றவை பட்டியலில் காத்திருக்கட்டும். ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே வரும். இதில் கஷ்டமான பகுதி மேனேஜரிடம் சொல்வது. "முடியாது சார்" என்று சொல்லத் தேவையில்லை. தேர்வை அவரிடமே விட்டுவிடலாம்:

"சார், இது வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னா வெண்டர் ரிப்போர்ட் திங்கள்தான் முடியும். எதை முதல்ல பார்க்கட்டும்?"

பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். எது அவசரம் என்று அவருக்குத் தெரியும்; உங்கள் கையில் என்னென்ன கிடக்கிறது என்பதுதான் தெரியாது. "ரெண்டும்தான் வேணும்" என்று மட்டுமே சொல்கிறவர் வாய்த்தால், இரண்டு தேதியையும் குறிப்பிட்டு ஒரு வரி மெயில் போட்டு வையுங்கள். சண்டைக்கு இல்லை, அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக.

எண்ணிக்கை குறைவாக இருந்தும் முடியவில்லை என்றால், குறிப்பில் ஒவ்வொரு வேலையும் எத்தனை முறை வெட்டுப்பட்டது என்று பாருங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் சோஃபி லெராய் தன் ஆய்வில் காட்டினார். வெட்டுகளை ஒரேயடியாக நிறுத்த முடியாது. சப்போர்ட்டில் இருப்பவருக்கு வெட்டுதான் வேலையே. ஆனால் எழுந்து போகும் முன் "எங்கே நிற்கிறேன், திரும்பி வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் அந்தத் தொல்லை குறைகிறது. அதே லெராய் பின்னாளில் சோதித்துப் பார்த்த வழி இது. செலவு அரை நிமிடம். திரும்பி வந்து "எங்க விட்டோம்?" என்று தேடுகிற நேரம் அதைவிட எப்போதும் அதிகம்.

அறிகுறி 2: சொன்ன தேதிக்கு ஒருநாளும் முடிவதில்லை

முதலில், தாமதம் வேலையிலா, காத்திருப்பிலா என்று பிரியுங்கள். குறிப்பில் "எதனால் நின்றது" என்று எழுதிய சொற்கள் இதற்குத்தான்.

ஒரு உதாரணம். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள், வரிக் கணக்கின் சுருக்கமான 3பி இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். நடுவில் பதினான்காம் தேதி, கொள்முதலுக்கான வரி வரவைக் காட்டும் 2பி வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் 19, 20 தேதிகளில் நள்ளிரவு வரை உட்காருகிற கணக்காளர் தன்னை மந்தம் என்று நினைத்துக்கொள்வார். குறிப்பைப் பார்த்தால், கொள்முதல் பில்கள் அவர் கைக்கு வருவதே 17, 18-இல். வேலை இரண்டு நாள், காத்திருப்பு இரண்டு வாரம். இவருக்கு எக்செல் ஷார்ட்கட் வகுப்பு எந்த விதத்திலும் உதவாது. கிளையண்ட்டிடம் பேசி, பில்லை மாதம் முடிந்ததும் மொத்தமாகக் கேட்காமல் வாராவாரம் சனிக்கிழமை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்ப வைப்பதுதான் தீர்வு. இரண்டு மாதம் நச்சரிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது மாதம் தானாக வரும், சில கிளையண்ட்டுகளைத் தவிர. அந்தச் சிலரின் வேலையைக் கடைசியில் வைத்து, மற்றவர்களுடையதை முன்னமே முடித்துவிடலாம்.

காத்திருப்பு இல்லை, வேலையே இழுக்கிறது என்றால் மதிப்பீட்டில் பிசகு. இது எல்லோருக்கும் உள்ள வியாதி. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55.5 நாள். வேடிக்கை என்னவென்றால், எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கும் 48.6 நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சிட்னி ஓபரா ஹவுஸ் 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று போட்ட கணக்கு, 1973-இல் 10 கோடியே 20 லட்சத்தில்தான் முடிந்தது. பெரிய பெரிய பொறியாளர்களுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

மனக்கண்ணில் படிப்படியாக ஓட்டிப் பார்த்துத் தேதி சொல்வதை நிறுத்துங்கள். இதே மாதிரி வேலை கடைசி மூன்று முறை உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று பழைய மெயில்களைத் தேடிப் பாருங்கள்; நடுவில் இருப்பதைச் சொல்லுங்கள். "இந்தத் தடவை அந்தப் பிரச்சினை வராது" என்று மனம் சொல்லும். அந்தப் பிரச்சினை வராது, வேறொன்று வரும்.

அறிகுறி 3: நன்றாகத்தான் செய்கிறேன், அப்ரைசலில் மட்டும் ஏறவில்லை

இதில் கோபம் முந்திக்கொள்வதால் சோதிக்கப் பொறுமை இருக்காது. ஆனாலும் இந்த வரிசையில் பாருங்கள்.

உங்கள் வேலையில் முக்கியமான ஐந்து என்னென்ன என்று நீங்கள் முக்கியத்துவ வரிசையில் எழுதுங்கள். மேனேஜரிடம் உங்கள் பட்டியலைக் காட்டாமல் அவர் கருத்தில் எந்த ஐந்து என்று கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேருக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் மூன்றாவதாக நினைத்தது அவருக்கு முதலாவது. நீங்கள் உயிரைக் கொடுத்துச் செய்தது அவர் பட்டியலிலேயே இல்லை. டீமில் புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிற சீனியர்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்கள் செய்வது எந்த எக்செல் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

பட்டியல் ஒத்துப்போகிறது என்றால், பதிவைப் பாருங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை மதிப்பிடுகிற அலுவலகத்தில், மார்ச்சில் படிவம் நிரப்புகிறவருக்கு ஜனவரிக்கு முன்னால் நடந்தது மங்கலாகத்தான் நினைவிருக்கும். ஜூனில் நீங்கள் காப்பாற்றிய டெலிவரி அவர் நினைவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம், நடக்கிற காரியம் இல்லை. மாதக் கடைசி நாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன செய்தேன், அதனால் யாருக்கு என்ன மாறியது, எந்த மெயிலில் ஆதாரம். தற்பெருமை என்று கூச வேண்டாம். படிவம் நிரப்புகிறவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கிறீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் ரேட்டிங் மூன்றுதான் வருகிறதா? உங்கள் நிறுவனம் பெல் கர்வ் முறையில் பிரிக்கிறதா என்று விசாரியுங்கள். டீமில் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேங்க் என்று முன்பே வரையறுத்துவிட்டால், எட்டுப் பேரும் பிரமாதமாகச் செய்தாலும் யாரோ ஒருவர் கீழே போயாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் இந்தப் பழக்கத்தை 2013 நவம்பரில் கைவிட்டது, எல்லோரும் கைவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் "நான் நல்லா செய்யலையா?" என்று கேட்பது வீண். "நாலு வாங்குறவங்க என்ன கூடுதலா செய்றாங்க?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால் அடுத்த ஆண்டுக்கான வேலை கிடைத்துவிட்டது. மழுப்பலாக வந்தால் அறிகுறி 8-க்குப் போங்கள்.

கருத்துக் கேட்பதில் ஒரு எச்சரிக்கை. கருத்துச் சொன்னால் வேலை மேம்படும் என்று எல்லோரும் நம்புகிறோம். 1996-இல் க்ளூகர், டெநீசி இருவரும் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து அலசியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமானது தெரிந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றியதாக மாறும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். அதனால் "என் பெர்ஃபார்மன்ஸ் எப்படி சார்?" வேண்டாம். ஒரு குறிப்பிட்ட ரிப்போர்ட்டை முன்னால் வைத்து, "இதுல ரெண்டாவது பக்கத்தை எப்படி மாத்தினா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?" என்று கேளுங்கள்.

அறிகுறி 4: எண்கள் எல்லாம் பச்சை, வாடிக்கையாளர் மட்டும் சிவப்பு

கால் சென்டரில் ஒரு அழைப்புக்குச் சராசரி இத்தனை நிமிடம் என்று வைத்தால் அந்த நிமிடத்துக்குள் அழைப்பு முடியும். பிரச்சினை முடிந்ததா என்பது வேறு விஷயம். அதே ஆள் மறுநாள் திரும்பக் கூப்பிடுவார், அது புது அழைப்பாகக் கணக்கில் ஏறும், எண் இன்னும் அழகாகத் தெரியும்.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேர் வேலையிழப்பு. அத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்களாக இருந்திருக்க முடியாது.

இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ் சொன்ன தீர்வு எளிமையானது: எந்த எண்ணையும் தனியாக வைக்காதே, அது கெடுக்கக்கூடியதை அளக்கும் இன்னொரு எண்ணை ஜோடியாக வை. அழைப்பு நிமிடத்தோடு, ஏழு நாளில் திரும்ப வந்த அழைப்புகள். மூடிய டிக்கெட்டோடு, மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட். மேலிடம் வைக்காவிட்டாலும் இந்த ஜோடி எண்ணை உங்களுக்காக நீங்களே வைத்துக்கொள்ளலாம். அப்ரைசலில் அதைக் காட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் தனியாகத் தெரியும்.

அறிகுறி 5: அதே தவறு திரும்பத் திரும்ப

தவறுகள் எந்த மணிக்கு நடக்கின்றன என்று குறிப்பில் பாருங்கள். நாள் முழுக்கப் பரவியிருந்தால் உங்களுக்கு வேண்டியது ஒரு செக்லிஸ்ட். திறமை இல்லாதவர்களுக்குத்தான் அது என்று நினைக்க வேண்டாம். 1935 அக்டோபர் 30 அன்று போயிங்கின் புது விமானம் ஒன்று ஒஹையோவில் சோதனை ஓட்டத்தில் மேலெழும்பிய உடனே விழுந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. வாலைப் பூட்டி வைக்கும் கருவியை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் பட்டியல் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். உங்கள் பட்டியல் ஏழு வரியைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே நடந்த தவறுகளிலிருந்து மட்டுமே வரி சேர்க்க வேண்டும்.

தவறுகள் எல்லாம் மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால், அல்லது அமெரிக்க ஷிஃப்டின் பின்பாதியில் என்றால், தூக்கத்தைப் பாருங்கள். 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்காதவர்களின் கவனம், இரண்டு இரவுகள் வரை தூங்காமலே இருந்தவர்களுக்குச் சமமாகக் குறைந்திருந்தது. அவர்களோ கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்கிறவர்களின் சாட்சியத்தை நான் நம்புவதை நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

அறிகுறி 6: ஜனவரியில் எழுதிய இலக்கு மார்ச்சில் காணோம்

இதுதான் அதிகம் பேர் சிக்குகிற இடம். இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் ஒரே அறிகுறியோடு வரும்.

இலக்கு மங்கலாக இருக்கிறதா? "முடிந்தவரை நன்றாகச் செய்வேன்" என்பதைவிடக் குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தரும் என்பது எட்வின் லாக், கேரி லேத்தம் இருவரும் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னது. 1970-களில் அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் லேத்தம் இதைச் சோதித்தார். சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீத அளவுக்கே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று ஒரு எண்ணை வைத்ததும், கூலி எதுவும் கூட்டாமலேயே 90-க்கு மேல் போய்விட்டது.

இதைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் எண் வைத்துவிடாதீர்கள். அந்த ஓட்டுநர்களுக்கு மரம் ஏற்றத் தெரியும். தெரியாத வேலையில் இதே மருந்து எதிர்மாறாக வேலை செய்யும். 1989-இல் கான்ஃபர், ஆக்கர்மன் இருவரும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் போன்ற ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தபோது, கற்கத் தொடங்கிய கட்டத்திலேயே கடினமான எண் இலக்கு வைத்தவர்கள் பின்தங்கினார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய கவனம், எண்ணைத் துரத்துவதில் போய்விட்டது. அதனால், பழகிய வேலைக்கு எண் வையுங்கள். புதிதாகக் கற்பதற்கு முறைகளை இலக்காக வையுங்கள். பைத்தான் படிக்கத் தொடங்கியவர் "மூன்று மாதத்தில் பத்து புராஜெக்ட்" என்று எழுதுவதைவிட, "நான் கையால் செய்கிற வாராந்திர ரிப்போர்ட்டை மூன்று வெவ்வேறு விதத்தில் எழுதிப் பார்ப்பேன்" என்று எழுதினால் ஏப்ரலிலும் படித்துக்கொண்டிருப்பார்.

இலக்கு உங்கள் கையில் இருக்கிறதா? வேலைக்குப் போய்க்கொண்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 2 படிக்கிறவர் "இந்த வருஷம் பாஸ் பண்ணணும்" என்று எழுதுகிறார். அதில் அவர் பங்கு எவ்வளவு? எத்தனை காலியிடம், எத்தனை பேர் எழுதுகிறார்கள், கட் ஆஃப் எங்கே நிற்கிறது எதுவும் அவர் கையில் இல்லை. ஆசை அதுவாகவே இருக்கட்டும். வாராந்திர இலக்கு வேறாக இருக்க வேண்டும்: ஞாயிறு காலை பழைய வினாத்தாள் ஒன்று, 200 கேள்வியும், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை அதில் தவறவிட்டவை மட்டும். பதவி உயர்வும் அப்படித்தான். "லீட் ஆகணும்" உங்கள் கையில் இல்லை. லீட் செய்கிற வேலையில் ஒன்றை, ஒரு ரிலீஸையோ வாராந்திர கிளையண்ட் அழைப்பையோ, இந்தக் காலாண்டில் முழுதாகப் பொறுப்பெடுத்து நடத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

நேரமும் இடமும் குறிக்கப்பட்டிருக்கிறதா? "தினமும் படிப்பேன்" என்பது நிற்காது. "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், ஹாலுக்குப் போகாமல் நேராக மேசைக்கு" என்பது நிற்கும். இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்பே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் இலக்கை அதிகம் எட்டுகிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களிலிருந்து காட்டி வந்திருக்கிறார். தடைக்கும் முடிச்சுப் போடுங்கள்: "ஓஎம்ஆர் ரோட்டு டிராஃபிக்கில் மாட்டி ஒன்பதுக்கு மேல் வீடு வந்தால், அன்றைக்குப் பத்துக் கேள்வி மட்டும்." தப்பிய நாளுக்கு என்ன செய்வது என்று எழுதி வைக்காதவர்தான் ஒரு நாள் தப்பியதும் மொத்தத்தையும் விடுகிறார்.

கடைசியாக, இலக்கு உங்களுடையதா? அக்கா பையன் கனடா போய்விட்டான், அதனால் ஐஇஎல்டிஎஸ். டீமில் எல்லோரும் கிளவுட் சர்டிஃபிகேட் வாங்குகிறார்கள், அதனால் நானும். இப்படி வந்தவற்றுக்கு எத்தனை முடிச்சுப் போட்டாலும் அவிழும். ஒரு சோதனை: இதை முடித்தாலும் யாரிடமும் சொல்லக் கூடாது, லிங்க்டுஇனில் போடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வேண்டுமா? வேண்டாம் என்றால் கூச்சப்படாமல் அடித்துவிடுங்கள். விட்டுவிட்டதாக நினைக்காமல், இடம் காலியானதாக நினையுங்கள்.

அறிகுறி 7: இலக்கு என்று எதை வைப்பது என்றே தெரியவில்லை

ஐந்து வருடத்தில் எங்கே இருப்பேன் என்று யோசிக்க வேண்டாம். அதற்கு நேர்மையான பதில் யாரிடமும் கிடையாது. குறிப்பு நோட்டைத் திரும்பப் பாருங்கள். யாரும் சொல்லாமலே இழுத்துப் போட்டுச் செய்த வேலை எது? அடுத்த டீமிலிருந்துகூட எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? யாருடைய வேலையைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரிகிறது? இந்த மூன்றில் இரண்டு ஒரே திசையைக் காட்டினால் அந்தத் திசையில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒன்றை எடுங்கள். ஒரு பதவி என்றால், அதில் இப்போது இருக்கிறவரின் ஒரு வார காலண்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேனேஜர் ஆக ஆசைப்பட்ட பல டெவலப்பர்களுக்கு, வாரம் இருபது மீட்டிங்கைப் பார்த்ததும் ஆசை தெளிந்துவிடும்.

அறிகுறி 8: இதையெல்லாம் செய்தும் மாற்றம் இல்லை

இரண்டு வழி பிரிகிறது.

நான்கு நாள் லீவு எடுத்து ஊருக்குப் போய் வந்த பிறகும் களைப்பு அப்படியே இருக்கிறதா? வேலை மேல் ஒரு வெறுப்பு, என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் சேர்ந்து இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட் என்று வரையறுத்தது ஏறக்குறைய இந்த மூன்றையும்தான். சமாளிக்க முடியாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தின் விளைவு என்கிறது. இதற்குப் புது இலக்கு வைப்பது காயத்தில் உப்பு. சுமையைக் குறைக்க வேண்டும், அதற்கு மேலிடத்தோடு பேச வேண்டும். வேலைக்கு வெளியேயும் எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கம், பசி கெட்டிருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416, இலவசம்; தமிழிலும் பேசலாம்.

உடம்பும் மனமும் சரி, சுமையும் சரி, இலக்கும் உங்களுடையது, இருந்தும் எதுவும் நகரவில்லையா? அப்போது இடத்தைப் பாருங்கள். எதை எதிர்பார்க்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்டும் தெளிவான பதில் இல்லை, ஒப்புக்கொண்ட முன்னுரிமை வாரம் ஒரு முறை மாறுகிறது, கேள்வி கேட்பவர் ஓரங்கட்டப்படுகிறார் என்றால், உங்கள் பக்கத்தில் சரிசெய்ய மிச்சம் எதுவும் இல்லை. வெளியே தேடத் தொடங்குங்கள், ஆனால் கோபத்தில் பேப்பர் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆஃபர் எழுத்தில் வரட்டும். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். பே ஸ்லிப்புகளையும் ஃபார்ம் 16-ஐயும் சொந்த மெயிலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு கம்பெனி லாகின் திறக்காது. பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மாற்றிக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும் வரை ஹெச்ஆருக்கு வாரம் ஒரு மெயில் போட்டுக்கொண்டே இருங்கள்.